சீர் பீரோவுக்குள் ஒரு கடிகாரம்

என் கல்யாணச் சீரோடு யாரும் கேட்காத ஒரு பொருளும் போனது. பீரோவின் மேல் தட்டுக்கு உள்பக்கம், இரும்புத் தகட்டோடு தகடாக ஒட்டிவைத்த ஒரு கடிகாரம். அது நேரம் காட்டாது. பீரோ எங்காவது நன்றாக இடிபட்டால் அதன் விநாடி முள் ஒரு கோடு நகரும். இடிபடாவிட்டால் மாதக்கணக்கானாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். இதைச் செய்தது என் அண்ணன்.

அண்ணன் டிப்ளமோ முடித்துவிட்டுப் பீளமேட்டுப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தார். நூல் மில்களுக்கு மீட்டர் செய்து அனுப்பும் இடம். தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் சந்துக்குச் சந்து இப்படி ஒரு கம்பெனி இருந்தது. இங்கே நன்றாக ஓடிய மீட்டர் மில்லுக்குப் போய்ச் சேரும்போது உள்ளே ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். லாரி ஆபீசில் கேட்டால், "பூவாட்டம் எறக்குனமுங்க" என்பார்கள். மில்லில் கேட்டால், "பிரிக்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சுங்க" என்பார்கள். யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். எங்கள் ஊரில் பொய்யைக்கூட மரியாதையாகத்தான் சொல்வோம்.

அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மலிவுக் கடிகாரத்தைப் பிரித்தார். பேனா ஸ்பிரிங் ஒன்றின் நுனியில் ஈயப்பொட்டு வைத்து, சுற்றிலும் ஒரு செம்பு வளையம் மாட்டினார். அதிர்ச்சி வந்தால் ஸ்பிரிங் ஆடி வளையத்தைத் தொடும். தொட்டால் முள்ளுக்கு ஒரு தள்ளு கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் கரண்டே குடிக்காது. கடிகாரத்துக்குப் போடும் சின்ன பேட்டரி இரண்டு போட்டால் வருஷத்துக்கு மேல் தாங்கும் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொட்டில இன்னும் நாலு கை வைக்கோல் போட்டா ஆகாதா தம்பி?" என்று கேட்டாராம். அதோடு அந்தக் கண்டுபிடிப்பு சூலூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. சொந்தமாக உரக்கடை, தண்ணீர் பாயும் வயல், ஒரே பையன். அப்பா இல்லாத வீட்டுக்கு இது பெரிய இடம். அம்மா விசைத்தறிக் கொட்டகையில் நூல் சுற்றிச் சேர்த்ததெல்லாம் சீராக மாறியது. அதில் அம்மா உயிரையே வைத்திருந்தது கண்ணாடி பதித்த இரும்பு பீரோவின் மேல். பச்சை நிறம், கதவு நிறைய ஆளுயரக் கண்ணாடி.

அம்மாவுக்கு அதில் ஒரு பயமும் இருந்தது. பெரியம்மா மகள் கல்யாணத்தில் லாரியிலிருந்து இறக்கிய பீரோவின் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். யார் இடித்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அந்த அக்காவை அங்கே வருஷக்கணக்காக, "ஒடைஞ்ச கண்ணாடியோட வந்தவ" என்றுதான் சொன்னார்கள். பால் பொங்காமல் போனாலும் அவள்மேல்தான், மாடு கறக்காமல் போனாலும் அவள்மேல்தான். நம் வீட்டிலும் அப்படி ஆகிவிடக்கூடாது என்று அம்மா ராத்திரி பகலாகப் புலம்ப, அண்ணன் தன் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். எந்த இடத்தில் எத்தனை இடி பட்டது என்று இது சொல்லிவிடும், யாரும் யார்மேலும் பழி போட முடியாது என்றார்.

முதலில் வைத்தபோது வேடிக்கையாகப் போனது. பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்ததும் முள்ளும் சேர்ந்து ஓட ஆரம்பித்துவிட்டது. தறியின் அதிர்வில் எங்கள் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் எப்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். கடிகாரம் அதையெல்லாம் இடி என்று எண்ணிவிட்டது. அண்ணன் ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கினார். பிறகு தறிக்கு நகரவில்லை, கதவை அடித்துச் சாத்தினாலும் நகரவில்லை. ஆனால் எதற்கு நகர வேண்டும் என்று பார்க்க ஒரு இடி வேண்டுமே? சுத்தியலால் தட்டினால் பெயிண்ட் போய்விடும். அவர் தலை பீரோவுக்குள் இருந்தது. மோத இன்னொரு ஆள் தேவைப்பட்டது.

"ஏ அம்மணி, இங்க வா. தோள்ல ஒருக்கா மோது."

"என்ற சீர் பீரோவ நானே மோதறதாங்ணா?"

"மோது கண்ணு. சும்மா சாஞ்சா நகரக்கூடாது. ஆளு வந்து மோதுனா நகரோணும். அந்த அளவத்தான் வெக்கறேன்."

நான் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் மோதினேன். நகரவில்லை. இன்னும் பலமாக மோதினேன். உள்ளே 'டிக்' என்று சத்தம் கேட்டது. அண்ணன் தலையை வெளியே எடுத்துச் சிரித்தார். "கல்யாணப் பொண்ண மாடாட்டம் முட்ட வெக்கறயேடா" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது. திரும்பத் திரும்ப மோதினேன், ஒவ்வொரு தடவையும் அவர் ஸ்பிரிங்கை ஒரு மயிரிழை திருப்பினார். கடைசியில் என் தோளுக்கும் அந்த ஸ்பிரிங்குக்கும் சரியாக ஒத்துவந்தது. எல்லா முள்ளையும் பன்னிரண்டில் நிறுத்திப் பின்பக்கத்தைப் பசை போட்டு ஒட்டினார்.

கல்யாணம் முடிந்து சீர் போய் இறங்கியது. லாரிக்காரர் நல்ல மனிதர், பாதைபார்த்து ஓட்டியிருந்தார். இறக்கி வைத்ததும் நான்தான் கதவைத் திறந்து பார்த்தேன். விநாடி முள் இரண்டு கோடு தள்ளி நின்றது. வாசல்படியில் ஏற்றும்போது பட்ட இடிகளாக இருக்கும். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அம்மா கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சாமியைக் கும்பிட்டார். கடிகாரத்தைக் கழற்றிக்கொள்ள அண்ணன் கையை நீட்டியபோது அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார். எங்கள் பக்கம் ஒருமுறை இறக்கிக்கொடுத்த சீரில் பெண் வீட்டார் மறுபடி கை வைக்க மாட்டார்கள். கை வைத்தால் கொடுத்ததைத் திரும்ப எடுப்பது மாதிரி. உறவு முறிந்தால்தான் அப்படிச் செய்வார்கள்.

"அது அங்கயே கெடக்கட்டும். ஒரு கடிகாரத்துக்காவ சம்பந்தம் பேச்சாயிரப்போவுது" என்றார் அம்மா. அண்ணன் மனசில்லாமல் விட்டுவிட்டுப் போனார்.

முதல் அடிக்கான காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரசம் ஆறிப்போயிருந்தது. என் வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சநேரம் படுப்பார். அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவினார், ஈரக் கையோடு என்னை அறைக்குள் கூப்பிட்டார், இரண்டு தோளையும் பிடித்து அப்படியே பீரோவில் கொண்டுபோய் மோதினார். கத்தவில்லை, திட்டவில்லை. முகத்தில் கை படவே படாது. முகத்தில் அடித்தால் ஊர் பார்க்குமல்லவா? கடையில் அவரைப்போல் சாந்தமான மனிதர் இல்லை என்று பேர். உரம் வாங்க வரும் வயசாளிகளுக்கு எழுந்து நாற்காலி கொடுப்பார்.

"அடிக்காதீங்க" என்றேன். எனக்கு இப்போதும் அதை நினைத்தால் உடம்பு கூசும். அடி வாங்கும்போதுகூட எனக்கு மரியாதை விட்டுப்போகவில்லை.

அவர் என்னை விட்டுவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தார். கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அடங்கின பிறகுதான் பீரோவுக்குள் 'டிக்' என்ற சத்தம் நான் கேட்டேனா, அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேனா, தெரியாது. சாயங்காலம் மாற்றுப்புடவை எடுக்கக் கதவைத் திறந்தேன். முள் நகர்ந்திருந்தது. எனக்கு வலி பெரிதாகத் தெரியவில்லை. வெட்கம்தான் வந்தது. குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி. அண்ணன் அந்தத் தட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு என்னை எண்ணிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. கதவை அவசரமாகச் சாத்தினேன்.

இனி ஒருபோதும் நடக்காது என்றுதான் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள் போல. பிறகு கொத்துமல்லித் துவையலில் கல் கிடந்தது, சட்டைப் பொத்தான் விட்டுப்போயிருந்தது, பக்கத்து வீட்டில் டிவி பார்த்துவிட்டுத் தாமதமாக வந்தேன். காரணத்துக்கா பஞ்சம்? எப்போதும் மத்தியானம், எப்போதும் அந்தப் பீரோ. அறைக்குள் அவர் கூப்பிடும் சத்தம் கேட்டால் அவருடைய அம்மா, என் அத்தை, முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். அரிசியில் பொறுக்கக் கல் இருக்கிறதோ இல்லையோ, முறம் மட்டும் வெளியே போகும்.

அண்ணன் வாரம் தவறாமல் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிடுவார். நான் பேசும்போது அத்தை அருகில் நிற்பார்.

"நல்லா இருக்கறயா கண்ணு?"

"நல்லா இருக்கறனுங்ணா."

"முள்ளு எங்க நிக்குது?"

அவருக்கு அது ஒரு விளையாட்டு. தன் சாமான் பேட்டரி தாங்குகிறதா, தானாக நகராமல் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை. மாதக்கணக்காக நகராமல் நின்றால் முதலாளியிடம் மறுபடி கொண்டுபோய்க் காட்டலாம் என்று எண்ணம்.

"ரெண்டுலயேதானுங்ணா நிக்குது" என்றேன்.

"பாத்தயா! நா வெச்ச அளவு அப்படி" என்று அந்தப் பக்கம் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் என் காதில் விழுந்தபோது போனை வைத்துவிட்டு ஓடலாம் போல இருந்தது.

வாயால் இரண்டு என்று சொல்லியாகிவிட்டது. நாளைக்கு அண்ணன் நேரில் வந்து திறந்து பார்த்தால்? அப்போது அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருந்துறைப் பக்கம் ஒரு இடம் கூடி வருகிற மாதிரி இருந்தது. தங்கை வாழாமல் வந்து உட்கார்ந்திருக்கிற வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்? அம்மா கொட்டகையில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்? என் தோள் நீலம் பாய்ந்துகிடப்பது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, அந்த முள்தான் என் கண்ணை உறுத்தியது. பின்பக்கம் திருகினால் முள்ளைத் திருப்பலாம், ஆனால் பின்பக்கம் பசையோடு ஒட்டியிருந்தது. முன்பக்கம் மூடி இல்லாததால் விநாடி முள்ளை மட்டும் நகத்தால் நெம்பினால் கழன்று வந்தது. அதை எடுத்து மறுபடி இரண்டாவது கோட்டுக்கு நேராக அழுத்தி வைத்தேன். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. அவர் எழுந்து கடைக்குப் போனதும் முகம் கழுவுவேன், தலையை வாருவேன், பீரோவைத் திறந்து முள்ளைக் கழற்றி இரண்டில் வைப்பேன். வாசல் தெளிப்பதுபோல அதையும் செய்தேன்.

தலைதீபாவளிக்குச் சூலூர் போனோம். மாப்பிள்ளை என்று அம்மாவும் அண்ணனும் அவரைத் தாங்கின தாங்கில் அவர் கூச்சப்பட்டு நெளிந்தார். விடிகாலையில் அம்மா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என்னை மணையில் உட்காரச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பெல்லாம் தலையில் வைத்து, முதுகு தோளெல்லாம் அழுத்தித் தேய்த்துவிடுவார். நான் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நானே தேச்சுக்கறேம்மா. வெக்கமா இருக்குது."

"அடி ஆத்தா! பெத்தவகிட்ட என்ன வெக்கம்? கண்ணாலமானதும் வெக்கம் வந்துருச்சாக்கும்" என்று அம்மா சிரித்தார். பொய் சொல்லவில்லை நான். உண்மையிலேயே வெட்கமாகத்தான் இருந்தது.

பொங்கல் நெருங்கியது. பொங்கல் சீரை எடுத்துக்கொண்டு அண்ணன் வருவார் என்று தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை அடைத்துவிட்டு வந்து இவரும் காத்திருந்தார். சத்தியமங்கலம் பக்கம் ஒரு மில்லில் மீட்டரை இறக்கிவிட்டுத் திரும்பும் கம்பெனி வேனிலேயே அண்ணன் வந்து இறங்கினார். அரிசி, வெல்லம், கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, எங்கள் இருவருக்கும் துணி. டிரைவர் எல்லாவற்றையும் இறக்கிக் கூடத்தில் அடுக்கினார். இவர் எழுந்து, "வாங்க மச்சான், உக்காருங்க" என்று பாய் விரித்தார். அத்தை மோர் கொடுத்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. அண்ணன் மோரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கடிகாரத்த ஒருக்கா பாக்கலாமா அம்மணி?"

நான் தயாராகத்தான் இருந்தேன். காலையிலேயே முள்ளைச் சரிபார்த்து வைத்திருந்தேன். அண்ணன் பீரோவைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். நான்தான் கதவைத் திறந்தேன். விநாடி முள் இரண்டில் நின்றது. அவர் முகம் மலர்ந்தது. குனிந்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மலர்ச்சி மெல்லமெல்ல எங்கோ போயிற்று.

நானும் எட்டிப் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை. பிறகு அவர் விரல் நீட்டாமல், கண்ணால் மட்டும் காட்டினார். நிமிட முள் பன்னிரண்டில் இல்லை. அது பன்னிரண்டை விட்டு விலகி அடுத்த கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. விநாடி முள்ளை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் அதையெல்லாம் கண்டுகொள்ளாது. அறுபது இடி பட்டு விநாடி முள் முழுதாக ஒரு சுற்று வராமல் நிமிட முள் அந்த இடத்துக்கு வராது. அதை நான் யோசிக்கவே இல்லை. கடிகாரம் பார்த்து வளர்ந்தவள்தான் நான்.

அண்ணன் கூடத்துக்குத் திரும்பி, "ஏனுங்கம்மா, பீரோவ எங்கயாச்சும் நகத்தி வெச்சீங்களா?" என்று அத்தையைக் கேட்டார்.

"இல்லீங் தம்பி. வெச்ச எடத்துலயேதான் இருக்குது. கூட்டறதுக்குக்கூட நகத்துனதில்ல" என்றார் அத்தை. மருமகளின் சீரை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று காட்ட நினைத்திருப்பார், பாவம்.

"கடிகாரம் கெட்டுப்போச்சுங்ணா" என்றேன் நான். "ரோட்டுல லாரி போறப்ப அதுவா நகருது."

அண்ணன் பீரோப் பக்கம் திரும்பினார். கதவைச் சாத்தினார். அவர் கை அந்தப் பீரோவில் படுவதை அப்போதுதான் பார்த்தேன். தோளை அதன் பக்கவாட்டில் வைத்து லேசாகச் சாய்ந்தார். சத்தமில்லை. கொஞ்சம் விலகி, மோதினார். சத்தமில்லை. இன்னும் விலகி, பலமாக மோதினார். கண்ணாடி அதிர்ந்தது. உள்ளே 'டிக்' என்றது.

"கெடலியே கண்ணு" என்றார்.

அதைச் சொல்லிவிட்டு என் தோளைப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்தினேன். போர்த்தியிருக்கக்கூடாது, அதுவே சொல்லிவிட்டது. வாழ்க்கையில் எத்தனையோ பேர் முன்னால் நான் கூனிக்குறுகி நின்றிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் அண்ணன் முன்னால் நின்ற நிற்பு மாதிரி ஒன்று இல்லை. கட்டின புடவை கழன்று விழுந்திருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

கூடத்திலிருந்து இவர் கேட்டார். "என்னங்க மச்சான் சத்தம்?"

அண்ணன் வெளியே போய் டிரைவரைக் கூப்பிட்டு வந்தார். என்னிடம், "துணியெல்லாம் எடுத்து மூட்டை கட்டு அம்மணி" என்றார். அவர் சொன்ன மாதிரியே, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், என் புடவைகளை எடுத்துப் போர்வையில் போட்டுக் கட்டினேன். பீரோ காலியானது. அண்ணன் ஒரு பக்கம் பிடித்தார், டிரைவர் ஒரு பக்கம் பிடித்தார்.

இவர் அறை வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் அதே பதம். "குடுத்த சீர்ல கை வெக்கறீங்களா மச்சான்? அப்படீன்னா என்ன அர்த்தம்னு தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க மாப்ள. தெரிஞ்சுதான் வெக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. யாரும் கத்தவில்லை. "ஊரு பாக்குதுங்க தம்பி, கொஞ்சம் மெதுவா" என்று அத்தை மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். இரண்டு பேரால் பீரோவை நிலைப்படி தாண்டித் தூக்க முடியவில்லை. நான் போய் அடியில் கை கொடுத்தேன். என் சீரை நானே தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பொங்கலுக்குக் கோலம் போட்ட வாசல்களில் பெண்கள் நின்று பார்த்தார்கள். அண்ணன் கொண்டுவந்த கரும்பு இன்னும் கட்டுப் பிரிக்காமல் அங்கே சாய்ந்து கிடந்தது. அடித்தவர் வீட்டுக்குள் நின்றார். தலையைக் குனிந்துகொண்டு போனது நான். அந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

வேனில் பின்பக்கம் அண்ணனும் நானும் பீரோவுக்கு முன்னால் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டோம். வாழைத்தோட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. அவர் பீரோவைப் பிடித்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருக்கிறார், போனில் பொய் சொன்னதற்குத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. குன்னத்தூர் தாண்டி ஒரு பள்ளத்தில் வேன் குலுங்கியது. உள்ளே 'டிக்' என்றது. அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அன்னிக்கு உன்னையத்தான் மோதச் சொன்னேன்" என்றார். "உன்ற தோளுக்குத்தான் அளவு வெச்சேன். லாரி போனா நகருதுன்னா நா எப்படி நம்புவேன் கண்ணு. வாராவாரம் போன் பண்ணி முள்ளு எங்க நிக்குதுன்னு கேட்டேனே. நீ எப்படி இருக்கறேன்னு ஒரு பேச்சுக்குக் கேட்டுப்போட்டு, முள்ளத்தான் கேட்டேன்."

நான் பார்க்கக்கூடாதென்று முகத்தைப் பீரோப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் கதவில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. பெரியவரான என் அண்ணன் அழுவதை அதில் பார்த்தேன். பார்க்காதது மாதிரி நானும் திரும்பிக்கொண்டேன்.

சூலூரில் வேன் நின்ற சத்தத்துக்கு அம்மா வெளியே வந்தார். அண்ணன் இறங்கினார், நான் இறங்கினேன், துணி மூட்டை இறங்கியது. அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பீரோ இறங்குவதைப் பார்த்ததும் கொடுத்த சீர் திரும்பி வந்திருக்கிறது என்பது உறைத்திருக்க வேண்டும். ஆனால் எத்தனை நாள் பயமோ, அவர் கால்கள் முதலில் பீரோவிடம்தான் போயின. கண்ணாடியை மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் தடவினார். மூலைமூலையாகக் குனிந்து பார்த்தார்.

"சாமி புண்ணியம், ஒரு கீறல் இல்ல" என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பி, அதே கையை என் தோளில் வைத்தார். வலியில் நான் துள்ளி விலகினேன். அம்மா கையை அந்தரத்தில் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என் முந்தானையை விலக்கினார், ரவிக்கையின் கழுத்தை விரலால் லேசாக இழுத்து உள்ளே பார்த்தார். இந்த முறை நான் தடுக்கவில்லை. தெருவில் தறிச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"தீவாளிக்கு வந்தப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மணி. எதுக்குடி மறைச்சே?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

அம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அம்மாவைப் பார்த்தார். பிறகு இருவரும் என் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.